சாவை மறைத்தால் அபராதம் ரூ.250

1950 மார்ச். பாட்டியாலா வட்டாரத்தில் சத் என்ற ஊரில் ஒரு கிணற்றிலிருந்து நாற்றம் கிளம்பியது. எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு டிரங்குப் பெட்டி தெரிந்தது. மேலே தூக்கித் திறந்தால், அழுகிய ஆண் உடல். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த, வசதியான குடும்பத்து இளைஞர் அவர். மகனைத் தேடி அவருடைய அப்பா பத்திரிகையில் விளம்பரம்கூடக் கொடுத்திருந்தார். பெட்டியை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளியதில் மனைவிக்கும் மனைவியின் உறவினர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்று போலீஸார் வழக்குப் போட்டார்கள்.

மனைவி மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். கணவருக்கு வேட்டையிலும் புகைப்படத்திலும் ஆசை, படம் கழுவ வாங்கிய ரசாயனம் மருந்து இருந்த அதே அலமாரியில் இருந்தது, வயிற்றுக் கோளாறுக்கு மருந்து குடிக்கப்போனவர் புட்டி மாறிக் குடித்துவிட்டார், விழுந்தார், இறந்தார், பயந்துபோய் உடலை மறைத்தோம் என்பது அதன் சாரம். அமர்வு நீதிமன்றம் இதை நம்பாமல் கொலைக்குத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்து, உடலை மறைத்ததற்காக இந்திய தண்டனைச் சட்டம் 201-ஆவது பிரிவில் ஏழாண்டு கொடுத்தது. 1952 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. பல்விந்தர் கவுர் எதிர் பஞ்சாப் அரசு என்ற அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

தீர்ப்பின் தர்க்கம் எளிது. 201-ஆவது பிரிவு தடயத்தை அழிப்பவரைத் தண்டிக்கிறது. தடயம் என்றால் ஒரு குற்றத்தின் தடயம். ஆகவே முதலில் ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். அது நடந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். சயனைடு கொடுத்துக் கொன்றார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வாக்குமூலத்தை ஏற்றால் அது விபத்து. வாக்குமூலத்தில் உடலை மறைத்த பாதியை எடுத்துக்கொண்டு, விபத்து என்ற பாதியைக் கழித்துவிட முடியாது. விபத்தில் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் மறைப்பதற்குத் தடயமும் இல்லை.

தீர்ப்பில் பிழை சொல்ல இடமில்லை. இருக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு நீதிபதிகள் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் அது பிழை. சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு 2023-இல் பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவந்தபோதும் அந்தச் சிக்கலை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். 201 என்ற எண் 238 ஆனதுதான் மாற்றம்.

இதன் விளைவை நேராகவே சொல்லிவிடலாம். ஒரு பிணத்தை எவ்வளவு நன்றாக மறைக்கிறீர்களோ, அவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறீர்கள். மறுநாளே தோண்டி எடுத்தால் காயம் தெரியும், விஷம் தெரியும், மின்சாரம் தாக்கிய கருகல் தெரியும். இரண்டு மாதம் கிணற்றிலோ மண்ணிலோ கிடந்தால் போஸ்ட்மார்ட்டம் செய்யும் மருத்துவர் ‘சாவுக்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்றுதான் எழுத நேரிடும். காரணம் தெரியாவிட்டால் குற்றம் நிரூபணமாகாது. குற்றம் நிரூபணமாகாவிட்டால் மறைத்ததும் குற்றமில்லை. சிக்கிக்கொள்பவர், அரைகுறையாக மறைத்தவர்.

சரி, குற்றம் நிரூபணமானால்? 238-ஆவது பிரிவு, மறைக்கப்பட்ட குற்றத்தின் கனத்துக்கு ஏற்பத் தண்டனையை அளக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றமென்றால் மறைத்தவருக்கு ஏழாண்டு வரை. ஆயுள் அல்லது பத்தாண்டுக்குரியது என்றால் மூன்றாண்டு வரை. அதற்கும் கீழே என்றால், மூலக் குற்றத்தின் உச்சத் தண்டனையில் நாலில் ஒரு பங்கு, அல்லது அபராதம் மட்டும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் பழைய சட்டத்தில் இரண்டாண்டுக் குற்றம். அதை மறைத்தால் அதிகபட்சம் ஆறு மாதம். புதிய சட்டத்தின் 106(1) அதை ஐந்தாண்டாக்கியிருக்கிறது. ஆக மறைத்ததற்கு ஒன்றேகால் ஆண்டு. ஒருவர் அலட்சியமாக இருந்தது ஒரு நிமிடமாக இருக்கலாம். அதற்குப் பிறகு மண்வெட்டி தேடி, ஆள் பார்த்து, குழி தோண்டி, தேடி வந்த தாயிடம் ‘பார்க்கவே இல்லையே’ என்று சொன்னதெல்லாம் நிதானமாகச் செய்தவை. நிதானமாகச் செய்ததற்கு நாலில் ஒரு பங்கு என்று எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு பிரிவையும் பார்க்க வேண்டும். குற்றம் நடந்ததா என்றே கேட்காமல், உடலை ரகசியமாகப் புதைத்ததை வைத்துத் தண்டிக்கும் பிரிவு நம் தண்டனைச் சட்டத்தில் ஒன்று உண்டு. பழைய 318, இப்போது 94. குழந்தை பிறந்ததை மறைப்பதற்காக அதன் உடலை ரகசியமாகப் புதைத்தாலோ வேறு வகையில் அப்புறப்படுத்தினாலோ இரண்டாண்டு வரை சிறை. குழந்தை பிறக்கும் முன்பே இறந்ததா, பிறக்கும்போதா, பிறந்த பின்பா என்பது பொருட்டில்லை என்று பிரிவே சொல்கிறது. யாரும் கொன்றதாக நிரூபிக்கத் தேவையில்லை. இதில் மாட்டுபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் வாய்க்குப் பயந்து, இறந்து பிறந்த குழந்தையைக் கொல்லைப்புறத்தில் புதைத்த மணமாகாத பெண். கணவன் விட்டுப்போன கூலிக்காரி. அவளிடம் மட்டும் சட்டம் ‘குற்றம் இருந்தால்தானே தடயம்’ என்று தர்க்கம் பேசவில்லை. அந்தத் தர்க்கத்தின் பலன் நிலம் வைத்திருப்பவருக்கும் ஆலை வைத்திருப்பவருக்கும் லாரி வைத்திருப்பவருக்கும் போகிறது. 1860-இல் தண்டனைச் சட்டத்தை இயற்றிய ஆங்கிலேயரின் ஒழுக்கக் கவலை இது. அதையும் 2023-இல் யாரும் தட்டிக் கேட்கவில்லை.

ஒரு சாவைக் கண்டால் சொல்லியாக வேண்டும் என்ற கடமை வேறு எங்கும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஓட்டை ஓட்டையாக. கொலையையும், கொலையாகாத மரணம் விளைவித்தலையும் அறிந்தவர் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆவது பிரிவு. அலட்சியச் சாவு அந்தப் பட்டியலில் இல்லை. 34-ஆவது பிரிவு கிராம அலுவலருக்கும் கிராமத்தில் குடியிருப்போருக்கும் மட்டும், இயற்கைக்கு மாறான சாவைத் தெரிவிக்கும் கடமையைச் சுமத்துகிறது. நம் ஊரில் வி.ஏ.ஓ. கொடுக்கும் புகாரில் இத்தகைய வழக்குகள் தொடங்குவது இதனால்தான். நகரத்துக்காரருக்கு அந்தக் கடமையும் இல்லை. சொல்லத் தவறினால்? சாதாரணமாக ஒரு மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் ஆறு மாதம். வீட்டில் ஒருவர் இறந்ததைப் பதிவாளருக்குத் தெரிவிக்காமல் விட்டால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அபராதம் ரூ.50 ஆக இருந்தது. 2023 திருத்தத்தில் உயர்த்தினார்கள். இப்போது ரூ.250. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் கட்டும் தொகையில் நாலில் ஒரு பங்கு.

ஏட்டுச் சட்டத்தை விட்டு வயலுக்கு வருவோம். 2023 செப்டம்பரில் பாலக்காடு அருகே கரிங்கரப்புள்ளியில், போலீஸ் தேடுகிறது என்று பயந்து இரவில் வயலுக்குள் ஓடிய இரண்டு இளைஞர்கள், காட்டுப்பன்றிக்காகக் கட்டியிருந்த மின்கம்பியில் பட்டு இறந்தார்கள். காலையில் உடல்களைக் கண்ட நில உரிமையாளர் அவற்றை வயலிலேயே புதைத்துவிட்டார். உடன் ஓடியவர்கள் கொடுத்த தகவலில் தேடத் தொடங்கியதால்தான் புதைகுழி கிடைத்தது, அவர் கைதானார். அந்த இருவரும் தனியாகப் போயிருந்தால்? ஊரை விட்டு ஓடிவிட்டார்கள் என்று வழக்கு முடிந்திருக்கும்.

கேரளத்தில் மட்டும் நடப்பதில்லை இது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சோளக்காட்டையும் கடலைக்காட்டையும் காக்க வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ நேராகக் கம்பிக்கு 230 வோல்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முறையான சோலார் வேலி விட்டு விட்டு அடிக்கும். தொட்டவர் உதறிக்கொண்டு விலகலாம். லைனிலிருந்து இழுத்தது விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் மூன்று யானைகள் இப்படிச் செத்தபோது நாடே பேசியது. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் விதிகள் வெளியிட்டது. யானையைப் புதைத்து மறைப்பது கடினம்; ஆள் உடல் அப்படியில்லை. மாடு தேடி வந்தவர், வாய்க்காலில் நண்டு பிடிக்கப் போன பையன், வெளியூர்க் கூலி ஆள் என்று யார் அந்தக் கம்பியில் விழுந்தாலும், விடியற்காலையில் உரிமையாளருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. காவல் நிலையத்துக்குப் போனால் மின் திருட்டு வழக்கும், மரணம் விளைவித்த வழக்கும் நிச்சயம். கம்பியைச் சுருட்டி, உடலை வேறு எங்காவது போட்டுவிட்டால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. மாட்டினாலும் கூடுதலாகச் சில ஆண்டுகள்தான், அதுவும் பெரும்பாலும் ஏககாலத்தில் கழியும். இப்படி ஒரு கணக்கை அவர் முன் வைத்திருப்பது நம் சட்டம்தான்.

செத்தவருக்குத் தெரியப்போவதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இருப்பவர் படும் பாடு வேறு. உடல் கிடைக்காதவரை இறப்புச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் வாரிசுச் சான்று கிடையாது, ஆதரவற்ற விதவை உதவித்தொகை கிடையாது, காப்பீடு கிடையாது, பட்டா மாற்றம் கிடையாது. ஒருவரைப் பற்றி ஏழாண்டு தகவலே இல்லையென்றால்தான் அவர் இறந்ததாக ஊகிக்கலாம் என்கிறது சாட்சியச் சட்டம். பழைய 108-ஆவது பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்தில் 111. அந்த ஏழாண்டும் மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதுகூட ஊர் பேசும் பொருளாகிவிடும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு 2014-இல் பத்து லட்சம் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொட்டிச் சாவு தொட்டிச் சாவாகப் பதிவானால்தான் அந்தப் பணம். ‘மயங்கி விழுந்தார், வரும் வழியில் இறந்துவிட்டார்’ என்று பதிவானால் காண்டிராக்டர் கையில் திணிக்கும் சில ஆயிரங்களோடு விவகாரம் முடிந்தது. ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்து கட்டட வேலை பார்ப்பவர் என்றால், கேட்க ஆளும் இருக்காது.

சாலைக்கு வந்தால் எண்ணிக்கையே மலைக்க வைக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491. இவர்களில் 30,486 பேர் மோதிய வண்டி நிற்காமல் போன விபத்துகளில் இறந்தவர்கள். வண்டி எண் தெரிந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டில் இழப்புக்கு ஏற்ற தொகையைத் தீர்ப்பாயத்தில் கேட்டு வாங்கலாம். தெரியாவிட்டால் 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டத்தில் இரண்டு லட்சம், அவ்வளவுதான். தப்பி ஓடும் ஓட்டுநர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதோடு, இன்னொரு குடும்பத்தின் பணத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறார். அடிபட்டவர் உடனே சாகாமல் கிடந்திருந்தால் உயிரையும்.

புதிய சட்டத்தில் உருப்படியாக ஒன்று செய்யப்பார்த்தார்கள். 106(2): அலட்சியமாக ஓட்டி மரணம் விளைவித்துவிட்டு, போலீஸிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தெரிவிக்காமல் தப்பினால் பத்தாண்டு வரை. 2024 ஜனவரி தொடக்கத்தில் வட மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. இரண்டே நாளில் அரசு இறங்கிவந்தது. 2024 ஜூலை 1 அன்று மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது 106(2) மட்டும் வரவில்லை. ஓட்டுநர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது மிகையல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவே கும்பல் ஆத்திரத்தைக் காரணமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 106(2) அங்கேயே நில் என்று சொல்லவில்லை; பிறகாவது சொல் என்றது. பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய் அடுத்த காவல் நிலையத்தில் சொல்லியிருந்தாலும் போதும். அதைப் பொறுமையாக ஓட்டுநர்களுக்கு எடுத்துச் சொல்ல அரசுக்கு மனமில்லை. அவர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் சட்டம் போட்டதற்கான விலை அது.

மறைப்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் பயம்தான். ஸ்டேஷன் என்றாலே பயம், கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயம், எதிர்த்தரப்புச் சாதிக்காரர்கள் தெருவுக்குள் புகுந்துவிடுவார்களோ என்ற பயம். இறந்தவரின் சொந்தக் குடும்பமே மறைப்பதும் உண்டு. பாம்பு கடித்துச் செத்த பிள்ளையை ‘அறுத்துக் கொடுப்பாங்க’ என்ற பயத்தில் பொழுது சாயுமுன் அடக்கம் செய்துவிடுகிறார்கள். மகள் மருந்து குடித்ததை வயிற்றுவலி என்கிறார்கள். இவர்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் எனக்கு வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது, பிணவறையில் மரியாதையும் விரைவும். 2021 நவம்பரில் இருந்து, வசதியுள்ள மருத்துவமனைகளில் பொழுது சாய்ந்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்திருக்கிறது. எத்தனை அரசு மருத்துவமனை வாசலில் இன்றும் ‘நாளைக்குக் காலையில் வாங்க’ என்கிறார்கள் என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்களைக் கேளுங்கள்.

சட்ட வல்லுநர்கள் எழுப்பும் மறுப்பு வேறு: அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. கனமான மறுப்புதான். பதில், வாய் திறக்காததைத் தண்டிக்க வேண்டாம் என்பது. உடலைத் தொட்டு, நகர்த்தி, புதைத்து, எரித்து, கிணற்றில் போட்டு, தேடி வந்தவரிடம் பொய் சொன்ன செயலைத் தண்டியுங்கள். பேசாமல் இருக்கும் உரிமைக்குள் குழி தோண்டும் உரிமை அடங்காது.

இப்படி எழுத முடியுமா என்றால், எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டத்தில், ஒருவருடைய மரணத்தை மறைத்து, அவர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டாரா இல்லையா என்று கண்டறியவிடாமல் தடுப்பதே குற்றம். ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை. ‘கொல்லப்பட்டாரா இல்லையா’ என்ற அந்த ஒரு சொற்றொடரில் நம் 1952 சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது. விபத்து என்று சொல்லித் தப்ப முடியாது. விபத்துதானா என்று பார்க்கவிடாததே குற்றம். இங்கிலாந்தில் மரண விசாரணை அதிகாரியைத் தடுப்பதும், முறையான அடக்கத்துக்கு இடையூறு செய்வதும் பழங்காலம் தொட்டே தனிக் குற்றங்கள். 201-ஐ நமக்குத் தந்த ஆங்கிலேயர், தங்கள் ஊரில் வைத்திருந்த இவற்றை மட்டும் இங்கே கொண்டுவரவில்லை.

இயற்கைக்கு மாறான சாவு என்றால் காவல் நிலைய அதிகாரி போய்ப் பார்த்து, ஊரார் இருவர் முன்னிலையில் விசாரித்து எழுத வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆவது பிரிவு. ‘174 போட்டுட்டாங்க’ என்று பழைய எண்ணால் ஊரில் இன்னும் சொல்வது இதைத்தான். விலங்கு, இயந்திரம், விபத்து எல்லாம் அதில் அடக்கம். அந்த விசாரணையே நடக்கவிடாமல் உடலை மறைப்பதைத் தனிக் குற்றமாக்குங்கள். சாவு எப்படி நேர்ந்தது என்று நிரூபிக்கும் பாரம் அதில் வேண்டாம். தெரிந்தே, விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு செய்தாரா என்பது மட்டும் போதும். பாம்புக்கடிக் குடும்பம் அந்த வலையில் விழாது. மறைத்தவர் முதலாளியாகவோ ஒப்பந்ததாரராகவோ நிலம், வண்டி, ஆலை உடையவராகவோ இருந்தால் தண்டனை கூடட்டும். உடல் கிடைக்கும் வரை குடும்பம் இழந்த அத்தனையும் அவர் சொத்திலிருந்து ஈடுகட்டப்படட்டும். ஒரு நாளுக்குள் தானாக வந்து சொன்னவரை இந்தக் குற்றத்திலிருந்து விடுங்கள். விபத்துக்கான பொறுப்பு இருந்தால் அது தனி வழக்கு. அப்படியே அந்த 94-ஆவது பிரிவையும் எடுத்துவிடுங்கள். புதிய பிரிவு வந்த பிறகு, அந்தப் பெண்ணைத் தண்டிக்கவென்று ஒரு பிரிவு எதற்கு?

டெல்லி செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்க பாரதிய நியாய சன்ஹிதாவுக்கே திருத்த மசோதா கொண்டுவந்து நிறைவேற்றியது நம் சட்டப்பேரவை. 238-க்குக் கீழே இன்னொரு பிரிவைச் சேர்க்கவும் அதே பேரவைக்கு அதிகாரம் உண்டு. அடுத்த கூட்டத்தொடரில் அதற்கு ஒரு மசோதா வர வேண்டும்.